பெருவிரல் புடைப்புக்கு ஆபரேஷன்: புடைப்பின் அளவைப் பார்க்காதீர்கள், வலி இருக்கும் இடத்தைப் பாருங்கள்

பெருவிரலின் அடிமூட்டில், பாதத்தின் உள்பக்கமாக எலும்பு புடைத்துக்கொண்டு வரும். விரல் பக்கத்து விரலை நோக்கிச் சாயும். சீட்டில் பனியன் (bunion) என்றோ ஹாலக்ஸ் வால்கஸ் என்றோ எழுதிக் கொடுப்பார்கள். அடுத்து வரும் கேள்வி, "ஆபரேஷன் பண்ணிடலாமா?" பெரும்பாலானவர்கள் இதற்குப் புடைப்பின் அளவை வைத்தே பதில் தேடுகிறார்கள். அளவு நிறையவே ஏமாற்றும். பெரிய புடைப்போடு நாள் முழுக்க அலுங்காமல் நடப்பவர்கள் இருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் "லேசானது" என்று வந்தும் ஷூவுக்குள் காலை நுழைக்கவே முடியாதவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். வலியே இல்லாத புடைப்பில் கத்தி வைக்கக் கூடாது. பார்க்க நன்றாக இல்லை என்பதும், பின்னால் பெரிதாகிவிடுமோ என்ற பயமும் போதுமான காரணங்கள் இல்லை. வலியில்லாத காலை வலிக்கிற காலாக்கும் சக்தி எந்த ஆபரேஷனுக்கும் உண்டு.

புடைப்பு என்றால் அங்கே புதிதாக எலும்பு முளைத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பாதத்தின் நடுவிலிருந்து பெருவிரலுக்குப் போகும் நீள எலும்புக்கு முதலாம் மெட்டாடார்சல் என்று பெயர். அது மெல்ல உள்பக்கமாக விலகுகிறது. தோலுக்கடியில் முட்டிக்கொண்டு நிற்பது அதன் தலைதான். உராய்வினால் அதன்மேல் ஒரு நீர்ப்பையும் வீங்கிக்கொள்ளலாம். எலும்பு விலகியதும் விரலை இழுக்கும் தசைநாண்கள் மூட்டின் நடுவை விட்டு ஒதுங்கி, வில்லின் நாண் போல விரலை மேலும் சாய்க்கின்றன. தொடங்கிய சாய்வு தானாகத் திரும்பாததற்கு இதுதான் காரணம். எலும்பு தன் அச்சிலேயே சற்றுச் சுழலவும் செய்யும். நிற்கும்போது பெருவிரல் நகம் நேராக மேலே பார்க்காமல் மறு காலை நோக்கித் திரும்பியிருந்தால் இந்தச் சுழற்சி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பின்னால் ஆபரேஷனைப் பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும். "துருத்தியதைச் செதுக்கி எடுத்துவிட்டால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது: விலகிய எலும்பை அதன் இடத்துக்குக் கொண்டுவராமல் மேட்டை மட்டும் சீவினால் புடைப்பு மறுபடி வந்துவிடும்.

சரி, வலி எங்கே? ஒரே கைவிரலால் தொட்டுக் காட்டிப் பாருங்கள். டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய சோதனை இது.

கைவிரல் நேராகப் புடைப்பின் மேல் போய் நின்றால், ஷூ உரசித்தான் வலிக்கிறது. தோல் சிவந்திருக்கும், வெறுங்காலோடு வீட்டில் நடக்கும்போது அநேகமாக வலி இருக்காது. ஷூவை மாற்றுவதால் அதிகப் பலன் பெறுகிறவர்கள் இவர்கள்தான். அதிலும் தீராவிட்டால், ஆபரேஷனிலும் நல்ல பலன் எதிர்பார்க்கக்கூடியவர்கள் இவர்கள்தான்.

கைவிரல் பாதத்தின் அடியில், இரண்டாவது கால்விரலுக்குக் கீழே உள்ள மெத்தையில் போய் நின்றால் கதை வேறு. நடக்கும்போது பெருவிரல் தாங்க வேண்டிய பாரம் பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது. அங்கே தோல் காய்த்துப் போயிருக்கும். இரண்டாவது விரல் தரையைத் தொடாமல் எழும்பி நிற்கிறதா, அல்லது பெருவிரலின் மேல் ஏறத் தொடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அந்த மூட்டுக்கு அடியில் உள்ள தடித்த தசைநார் தளர்ந்துகொண்டிருக்கலாம். இங்கே புடைப்பை மட்டும் சரிசெய்தால் பாதி வேலைதான் முடியும்.

வலி மூட்டுக்குள்ளேயே இருக்கிறதா? விரலை மேலே வளைத்தால் கடுக்கிறது, மூட்டின் மேல்பக்கத்தில் ஒரு கட்டி, விரல் முன்போல வளைவதில்லை என்றால் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும். எலும்பை வெட்டி நேராக்கினாலும் தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான். எரிச்சல், மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு என்றால் நரம்பைப் பார்க்க வேண்டும். புடைப்பின் மேல் ஓடும் தோல் நரம்பு நசுங்கினாலும் இப்படி இருக்கும், சர்க்கரை நோயில் நரம்பு கெட்டாலும் இருக்கும். ராத்திரியோடு ராத்திரியாக மூட்டு சிவந்து, சுட்டு, போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை என்றால் யூரிக் அமிலத்தால் வரும் கவுட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். கிருமித்தொற்றும் இப்படி வரலாம். அதற்கு உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். அது இந்த ஆபரேஷனால் தீரும் வலி கிடையாது.

அடுத்தது ஷூ. "அகலமான ஷூதான் போடுகிறேன்" என்று சொல்பவர்களில் பலர் போடுவது அகலமானது இல்லை, ஒரு சைஸ் நீளமானது. சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் ஒரு தாளின்மேல் முழு எடையோடு நில்லுங்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இன்னொருவர் உங்கள் பாதத்தைச் சுற்றிக் கோடு போடட்டும். நீங்களே குனிந்து போட்டால் எடை மாறிக் கோடு தப்பாகிவிடும். அந்த வடிவத்தை வெட்டி எடுத்து, ஷூவிலிருந்து கழற்றிய இன்சோலின்மேல் வையுங்கள். விரல் பகுதியில் தாள் இன்சோலைத் தாண்டி வெளியே வந்தால், அவ்வளவு தூரம் உங்கள் பாதம் தினமும் ஷூவின் சுவரில் நசுங்குகிறது. நீளத்தில், மிக நீண்ட விரலுக்கு முன்னால் சுமார் 1 செ.மீ. இடம் இருந்தால் போதும். குதி உயரம் 3 செ.மீ.க்குள் இருக்கட்டும். புடைப்பின் மேல் தையலோ கெட்டியான பட்டையோ வரக்கூடாது. லேஸ் ஷூவாக இருந்தால், புடைப்புப் பக்கம் விரலை ஒட்டிய முதல் துளையை விட்டுவிட்டுக் கோத்தால் அழுத்தம் கணிசமாகக் குறையும்.

பாதத்தின் அடி மெத்தையில் வலி உள்ளவர்கள் ஒட்டும் பேட் வாங்குவார்கள். அதை வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே ஒட்டினால் வலி கூடத்தான் செய்யும். வலிக்கிற இடத்துக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாகத் தள்ளி ஒட்ட வேண்டும். அப்போதுதான் அந்த எலும்புத் தலைகள் தூக்கப்பட்டுப் பாரம் விலகும். விரல்களுக்கு இடையில் வைக்கும் சிலிக்கான் தடுப்பு உராய்வைக் குறைக்கும். தடிமனாக இருந்தால் இரண்டாவது விரலை வெளியே தள்ளிவிடும், அதனால் மெல்லியதாகப் பாருங்கள். ராத்திரி கட்டிக்கொள்ளும் பட்டை சிலருக்கு இதமாக இருக்கும். எலும்பை அது நேராக்காது. "3 மாதத்தில் புடைப்பு மறையும்" என்று விற்கப்படும் எதற்கும் பணம் கொடுக்க வேண்டாம். கெண்டைக்கால் இறுகியிருந்தால் பாதத்தின் முன்பகுதியில் பாரம் கூடும். சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலை நேராக வைத்து 30 வினாடி இழுப்பது, காலுக்கு 3 முறை, தினமும் செய்யலாம்.

இதையெல்லாம் ஒழுங்காக 3 மாதமாவது செய்து பாருங்கள். ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. பின்லாந்தில் 209 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆபரேஷன், இன்னொன்றுக்கு ஷூவுக்குள் வைக்கும் தாங்கி, மூன்றாவதுக்கு எதுவும் செய்யாமல் கவனித்தல் என்று நடத்தி 2001ல் வெளியிட்டார்கள். தாங்கி முதல் சில மாதங்களுக்கு வலியைக் குறைத்தது. ஒரு வருட முடிவில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களே நன்றாக இருந்தார்கள். இரண்டு பக்கத்தையும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வலி உள்ளவருக்கு ஆபரேஷன் உண்மையிலேயே உதவுகிறது. அதே நேரத்தில், யோசிக்க அவகாசம் எடுத்துக்கொள்வதால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

அவகாசம் எடுக்கக் கூடாத நிலைமையும் உண்டு. இரண்டாவது விரல் பெருவிரலின் மேல் ஏறத் தொடங்கிவிட்டால் வருடக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். அந்த மூட்டு முழுதாக நழுவிவிட்டால், ஒரு ஆபரேஷனில் முடிய வேண்டியது இரண்டு மூன்று எலும்புகளில் வேலை என்றாகிவிடும். சர்க்கரை நோய் உள்ளவருக்குப் புடைப்பின் மேல் தோல் திரும்பத் திரும்பப் புண்ணாகிறது என்றாலும் உடனே காட்ட வேண்டும். இவை தவிர, சரியான ஷூ போட்டும் நடப்பதும் வேலையும் தடைபடுகின்றன என்றால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம்.

பேசப் போகும்போது எக்ஸ்ரே நின்றபடி எடுத்ததாக இருக்க வேண்டும். படுக்கவைத்து எடுத்ததில் எலும்புகள் பாரம் தாங்காத நிலையில் இருக்கும், கோணம் குறைத்துக் காட்டும். பெருவிரலுக்கும் முதலாம் மெட்டாடார்சலுக்கும் இடையிலுள்ள கோணம் 15 டிகிரிக்குள், முதல் இரண்டு மெட்டாடார்சல்களுக்கு இடையிலுள்ளது 9 டிகிரிக்குள் இருந்தால் இயல்பு. முதல் கோணம் 40ஐத் தாண்டினால் தீவிரம் என்பார்கள். இந்த எண்களை வைத்து ஆபரேஷன் வேண்டுமா என்று முடிவு செய்வதில்லை. எந்த ஆபரேஷன் என்று முடிவு செய்யத்தான் இவை.

இந்தக் கோளாறுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட முறைகள் எழுதப்பட்டிருக்கின்றன. நடைமுறையில் சிலவே புழக்கத்தில் உள்ளன. லேசானது முதல் நடுத்தரம் வரை என்றால் மெட்டாடார்சல் தலைக்குப் பக்கத்தில் 'வி' வடிவில் வெட்டி, தலையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சில மில்லிமீட்டர் நகர்த்தி ஸ்க்ரூ போடுவார்கள். இது செவ்ரான். எலும்பின் உடலையே நீளவாக்கில் 'இசட்' வடிவில் வெட்டி நகர்த்தினால் ஸ்கார்ஃப். இதில் இன்னும் கொஞ்சம் அதிகம் நகர்த்த முடியும். விரல் எலும்பில் ஆப்பு வடிவத் துண்டு எடுத்து நேராக்கும் அகின் என்பதை இவற்றோடு சேர்த்துச் செய்வது வழக்கம். கோணம் பெரிதாக இருந்தாலோ, மெட்டாடார்சலின் மறுமுனையில், பாதத்தின் நடுவில் உள்ள மூட்டு ஆட்டம் கண்டிருந்தாலோ லாபிடஸ்: அந்த மூட்டின் குருத்தெலும்பை எடுத்துவிட்டு, இரு எலும்புகளையும் பிளேட்டோ ஸ்க்ரூவோ வைத்து ஒன்றாக இணைத்துவிடுவது. எலும்பின் சுழற்சியையும் இங்கேயே திருப்பிச் சரிசெய்ய முடியும் என்பது இதன் பலம். இரு எலும்புகளும் ஒட்டியாக வேண்டும் என்பதால் குணமாக நாள் பிடிக்கும். பெருவிரல் மூட்டே தேய்ந்திருந்தால், அல்லது முடக்குவாதம் மூட்டைக் கெடுத்திருந்தால், அந்த மூட்டையே அசையாமல் இணைத்துவிடுவது நம்பகமான வழி. வலி போகும், நடக்கலாம், உயரக் குதி செருப்பு போட முடியாது.

சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷனைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. தழும்பு சிறியது, தசைகளைப் பிரிப்பது குறைவு, விரல் இறுகிப்போவதும் ஓரளவு குறையலாம். ஆனால் வெட்டப்படுவது அதே எலும்பு, ஒட்ட எடுப்பதும் அதே 6 வாரம் போலத்தான். எலும்பை நேரில் பார்க்காமல் எக்ஸ்ரே திரையைப் பார்த்துச் செய்வதால் கை பழக நாள் எடுக்கும் முறை இது. என்னைக் கேட்டால், முறையைத் தேர்ந்தெடுப்பதைவிட அந்த முறையை வாராவாரம் செய்யும் கையைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். "எனக்கு எந்த முறை, ஏன் அது? இரண்டாவது விரலையும் சேர்த்துச் செய்வீர்களா? எத்தனை நாளில் பாதத்தை ஊன்றலாம்? திரும்ப வந்தால் அடுத்து என்ன?" இவற்றுக்கு உங்கள் எக்ஸ்ரேயைக் காட்டியே பதில் சொல்பவராக இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே ஆபரேஷன் செய்பவரென்றால் இன்னொருவரிடமும் கேட்டுவிடுங்கள்.

சிலர் முதலில் வேறு வேலையை முடிக்க வேண்டும். புகைப்பவருக்கு எலும்பு ஒட்டாமல் போகும் அபாயம் தெளிவாகவே அதிகம். குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்தி, எலும்பு ஒட்டும் வரை தொடக் கூடாது. நிக்கோட்டின் சூயிங்கம், பட்டை பற்றியும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8ஐத் தாண்டியிருந்தால் பல டாக்டர்கள் தள்ளிவைப்பார்கள். பாதத்தில் நாடித்துடிப்பு தெரியவில்லை என்றால் ரத்த ஓட்டச் சோதனை செய்யாமல் மேசைக்குப் போகவே கூடாது. வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்தட்டு மூடும் வரை காத்திருப்பதே பொதுவான வழி, முன்னதாகச் செய்தால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். கூர்முனை ஷூவை மறுபடி போட வேண்டும் என்பதற்காகவே செய்துகொள்கிறவர்கள் ஏமாற்றத்தோடுதான் திரும்புவார்கள்.

பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதை வைத்துச் சின்ன ஆபரேஷன் என்று கணக்குப் போடுவதுதான் பெரிய தப்புக்கணக்கு. முதல் இரண்டு வாரத்தை இப்படி எண்ணிக்கொள்ளுங்கள்: ஒரு மணி நேரத்தில் 50 நிமிடம் கால் மேலே. மேலே என்றால் முக்காலியின் மேல் இல்லை, பாதம் நெஞ்சைவிட உயரத்தில். தொங்கவிட்ட சில நிமிடத்திலேயே கால் ஊதா நிறமாகித் துடிக்க ஆரம்பிக்கும். வீங்கினால் தையல் இழுபடும், காயம் ஆறத் தாமதமாகும். மரத்துப்போகச் செய்த ஊசி பல மணி நேரம் வேலை செய்யும், சிலருக்கு மறுநாள் வரைகூட. வலி தெரியவில்லையே என்று மாத்திரையைத் தள்ளிப்போட்டால், ஊசி விடும்போது வலி மொத்தமாக வந்து விழும். அதனால் விடுவதற்கு முன்பே டாக்டர் எழுதியபடி தொடங்கிவிட வேண்டும். பேண்டேஜ் வெறும் காயக்கட்டு கிடையாது. பல முறைகளில் விரலை நேராகப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். அவிழ்த்துப் பார்க்காதீர்கள், நனைக்காதீர்கள்.

செவ்ரான், ஸ்கார்ஃப் என்றால் அடி வளையாத கெட்டி ஷூ ஒன்றைக் கொடுத்துப் பெரும்பாலும் சீக்கிரமே நடக்கவிடுவார்கள். லாபிடஸில் சில வாரம் ஊன்றக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு, இப்போதைய பிளேட்களை நம்பிச் சீக்கிரம் ஊன்றச் சொல்பவர்களும் உண்டு. உங்கள் எலும்பில் என்ன செய்தார்கள் என்று தெரிந்தவர் சொல்வதை மட்டும் கேளுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்.

தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். அதற்குப் பிறகு டாக்டர் அனுமதித்ததும் விரல் பயிற்சி தொடங்கும். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். விரல் நுனியைப் பிடித்து வளைத்தால் நுனி மூட்டு மட்டும் வளையும், அசைய வேண்டிய அடிமூட்டு அப்படியே இறுகும். ஒரு கையால் பாதத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் அடிமூட்டை ஒட்டிய எலும்பைப் பற்றி, மேலும் கீழும் நகர்த்த வேண்டும். (மூட்டை இணைத்தவர்களுக்கு இது கிடையாது.)

சுமார் 6 வாரத்தில் எக்ஸ்ரே. ஒட்டியிருந்தால் அகலமான ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கு மாறலாம். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு 2 முதல் 4 வாரத்தில் போகலாம், காலை உயர்த்தி வைக்க இடம் இருந்தால். நின்றுகொண்டே செய்யும் வேலைக்கு 8 முதல் 12 வாரம். வலது கால் என்றால் 6 வாரமாவது வண்டி ஓட்டாதீர்கள், அவசரமாக பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க முடியுமா என்பதுதான் அளவுகோல். ஓட்டம், குதித்தல் எல்லாம் 3 முதல் 6 மாதம் கழித்து. வீக்கம் சாயங்காலங்களில் 6 மாதம் வரை, சிலருக்கு ஒரு வருடம் வரை வந்துபோகும். புது ஷூவை அதற்குள் வாங்கிக் குவிக்க வேண்டாம். இரண்டு காலிலும் புடைப்பு இருந்தால் ஒவ்வொன்றாகச் செய்துகொள்வதே நல்லது. ஊன்றுவதற்கு ஒரு நல்ல காலாவது வேண்டும்.

எது தவறிப்போகலாம்? அதிகம் பேசப்படுவது புடைப்பு திரும்ப வருவது. போதுமான அளவு நகர்த்தாதது, சுழற்சியைத் திருப்பாமல் விட்டது, மெட்டாடார்சல் தலைக்கு அடியிலுள்ள இரண்டு செசமாய்டு எலும்புகளைத் தம் இடத்துக்குக் கொண்டுவராதது ஆகியவை முக்கியக் காரணங்கள். அளவுக்கு மீறித் திருத்திவிட்டால் விரல் எதிர்ப்பக்கம், மறு காலை நோக்கிச் சாயும். அப்போது எந்த ஷூவும் சேராது. மெட்டாடார்சல் குட்டையாகிவிட்டாலோ மேல்நோக்கி ஒட்டிக்கொண்டாலோ பாரம் இரண்டாவது விரலின் அடிக்கு மாறும், புடைப்பு போயும் வலி தொடரும். விரலின் உள்பக்கத் தோல் மரத்துப்போவது அடிக்கடி நடப்பது, பெரும்பாலும் மாதங்களில் குறையும், சிலருக்கு ஒரு திட்டாக நின்றுவிடும். ஸ்க்ரூ தோலுக்கடியில் உறுத்தினால் பின்னால் எடுக்க வேண்டிவரும். எலும்பு ஒட்டாமல் போவது, தொற்று, மூட்டு இறுகுவது ஆகியவையும் உண்டு. கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். விரல் வெளிறியோ நீலம் பாரித்தோ போவதும், சீழும், காய்ச்சலும் காத்திருக்கும் விஷயங்கள் இல்லை.

இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நின்றபடி, மேலிருந்து ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே தரை, அதே கோணம். புடைப்பைப் பார்ப்பதைவிட இரண்டாவது விரலைப் பாருங்கள், அடிமெத்தையில் புதிதாகக் காய்ப்பு வருகிறதா என்று தடவிப் பாருங்கள். இந்த இரண்டில் ஒன்று மாறினால், நின்றபடி புது எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.